எல்லைப் பாறையும் பொது அணையும்: டான்யூபிலிருந்து பெரியாறு வரை

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில் பாசாவ் என்றொரு ஊர். டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் அங்கே கூடுகின்றன. கூடிய தண்ணீர் கிழக்கே ஆஸ்திரியாவை நோக்கி ஓடுகிறது. அதன் போக்கிலேயே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கும். யோகென்ஷ்டைன் என்பது அதன் பெயர். தீவு என்றுதான் அதைச் சொல்கிறார்கள். வீடு கட்டவோ பயிர் வைக்கவோ அதில் இடம் கிடையாது. பாறைமேல் ஒரு சிறு மாடம், மாடத்துக்குள் ஒரு புனிதரின் உருவம், அவ்வளவுதான். ஆனால் நெடுங்காலம் ஒரு நாட்டின் அதிகாரம் எங்கே முடிந்து இன்னொன்றின் அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அந்தப் பாறையே சாட்சி. இன்றும் அந்த இடத்தில் டான்யூபின் நடுவே ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லை ஓடுகிறது.

மதுரையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் பாறை மட்டுமல்ல; அதை ஒட்டி நிற்கும் அணையும்தான். அந்த அணைக்கும் யோகென்ஷ்டைன் என்றே பெயர். எல்லை ஆற்றின் குறுக்கே இரண்டு நாடுகள் சேர்ந்து கட்டி, கிடைக்கும் மின்சாரத்தைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்ட அணை அது. பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் போடும் தேனி, மதுரை, சிவகங்கைப் பக்கத்து மக்களுக்கு இன்னொரு எல்லைக்கு அப்பால் நிற்கும் அணையோடு நூற்றாண்டுக்கு மேலான பந்தம் உண்டு. அந்தப் பந்தத்தில் எது சரியாக எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விடுபட்டது என்று பார்க்க யோகென்ஷ்டைன் நல்ல உரைகல். ஆற்றில் எல்லை எங்கே போகிறது என்பதைவிட, எல்லையின் இருபுறமும் இருப்பவர்களுக்கு அந்த ஆற்றில் என்ன பங்கு என்பதே சண்டையையும் சமாதானத்தையும் முடிவு செய்கிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

பாறை எப்படி எல்லையானது

பாசாவுக்குக் கீழே டான்யூப் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இறங்குகிறது. போஹீமிய நிலத்தொகுதி என்று புவியியலாளர்கள் சொல்லும் மிகப் பழைய பாறைப் பரப்பு அது. கருங்கல்லும் நைஸ் பாறையுமாக இறுகிய நிலம். ஆறு அதை அறுத்துக்கொண்டு வழி செய்தது. அறுபடாமல் எஞ்சிய கடினமான துண்டுகள் ஆற்றுக்குள்ளேயே நின்றுவிட்டன. யோகென்ஷ்டைன் அப்படி எஞ்சியது.

அந்தக் காலத்துப் படகோட்டிக்கு இந்தப் பகுதி எளிதானதல்ல. பாசாவ் உப்பு வணிகத்தால் செழித்த ஊர்; ஆல்ப்ஸ் பக்கத்து உப்பு இன் ஆற்றின் வழியாக அங்கே வந்து சேர்ந்தது. டான்யூபின் போக்கில் இறங்கும் படகை நீரோட்டம் இழுத்துப் போகும்; எதிர்த்து ஏறும் படகைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுக்க வேண்டும். இரண்டிலும் நடு ஆற்றுப் பாறை உயிருக்கு உலை. ஈசா என்ற நீர்மகள் அந்தப் பாறையில் குடியிருக்கிறாள் என்றும், ரைன் ஆற்றுக் கதைகளில் வரும் நீர்மகள் லோரலையின் தங்கை அவள் என்றும் அந்தப் பக்கத்தில் கதை வழங்குகிறது. மாடத்தில் இருக்கும் புனிதர் நெபோமுக் யோவான். 1393-ல் பிராகாவில் அரசன் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணைப்படி ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்ட குருவானவர் அவர். 1729-ல் புனிதர் பட்டம் பெற்றார். வெள்ளத்திலிருந்தும் நீரில் மூழ்குவதிலிருந்தும் காப்பவர் என்று நடு ஐரோப்பியக் கத்தோலிக்கர்கள் அவரைப் பாலங்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிறுத்தியிருக்கிறார்கள். நம் பக்கம் கண்மாய்க்கரையில் அய்யனார் காவல் நிற்பதைப் போல.

பாசாவ் ஒரு காலத்தில் தனி ஆட்சிப்பகுதி. அதன் ஆயர் மதத் தலைவர் மட்டுமல்ல, அந்த நிலத்தின் அரசரும் அவரே. அவருடைய நிலத்துக்கும் ஆஸ்திரிய ஆட்சியாளர்களின் நிலத்துக்கும் எல்லையைக் காட்டியது யோகென்ஷ்டைன். நெப்போலியன் காலத்துக் கொந்தளிப்பில் 1803-ல் ஆயர்களின் அரசாட்சி ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பாசாவ், இன்று ஜெர்மனியின் ஒரு மாநிலமாக இருக்கும் பவேரியாவோடு சேர்ந்தது. ஆயர் போய் பவேரியா வந்ததே தவிர, எல்லை அதே இடத்தில்தான் இருந்தது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஆறே எல்லை என்றால் பாறை எதற்கு? ஆறு ஓரிடத்தில் நிற்காது என்பதுதான் விடை. வைகைக் கரையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருவெள்ளம் ஒரு கரையைக் கரைத்து எதிர்க்கரையில் மண்ணைச் சேர்த்துவிட்டால், பட்டா எது, புறம்போக்கு எது என்று சர்வேயர் வந்து சங்கிலி பிடிக்க வேண்டியிருக்கும். அவர் முதலில் தேடுவது மண்ணில் ஊன்றிய பழைய எல்லைக்கல்லை. நாடுகளுக்கும் அதே தேவை உண்டு. நீர் நகரும், மணல் நகரும், கரை நகரும். நடு ஆற்றில் எழுந்து நிற்கும் இயற்கைப் பாறையை யாரும் இரவோடு இரவாகப் பிடுங்கி நட முடியாது.

பாறை கிடைக்காத ஆறுகளில் எல்லை வகுக்கச் சில முறைகள் உண்டு. ஒரு கரையையே எல்லையாக வைத்து ஆறு முழுவதையும் ஒரு நாட்டுக்குக் கொடுத்துவிடலாம். இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் நடுக்கோடு போடலாம். அல்லது ஆற்றின் மிக ஆழமான ஓட்டம் எங்கே போகிறதோ அதையே எல்லை ஆக்கலாம். கப்பல் போகும் ஆறுகளுக்கு மூன்றாவது முறைதான் பொருந்தும். ஆழம் இருக்கும் இடத்தில்தான் கப்பல் போக முடியும். அந்த ஆழம் முழுவதும் ஒருவர் பக்கம் விழுந்துவிட்டால் மற்றவருக்கு ஆறு இருந்தும் பயனில்லை. 1801-ல் பிரான்ஸுக்கும் புனித ரோமானியப் பேரரசுக்கும் இடையே லூனெவில்லில் ஏற்பட்ட உடன்படிக்கை ரைன் ஆற்றில் இந்த ஆழ்வழியையே எல்லையாக எழுதியது.

ஆனால் ஆழ்வழி எது என்பதிலேயே வழக்கு வரும். போட்ஸ்வானாவுக்கும் நமீபியாவுக்கும் இடையே சோபே ஆற்றில் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு ஒன்று இருக்கிறது. போட்ஸ்வானா அதை செடுடு என்றது, நமீபியா கசிகிலி என்றது. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டபோது, ஆற்றின் முதன்மை ஓட்டமே எல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தீவின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது. எது முதன்மை? நூறாண்டுக்கு மேல் கழித்து, 1999 டிசம்பரில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வடக்கு ஓட்டமே முதன்மை, தீவு போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது. தீவைச் சுற்றியுள்ள இரண்டு ஓட்டங்களிலும் இரு நாட்டு மக்களுக்கும் படகுகளுக்கும் சமமான உரிமை உண்டு என்பதையும் அதே தீர்ப்பில் சேர்த்தது. அந்தப் பகுதியைத் தீர்ப்பின் மிக முக்கியமான பகுதியாகவே நான் மதிக்கிறேன். தீவு ஒருவருக்குத்தான் போக முடியும். ஆனால் ஆற்றில் படகு விடும் உரிமையை இருவருக்கும் கொடுக்க முடியும்.

பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையில் பிடாசோவா ஆற்றில் இருக்கும் ஃபெசண்ட் தீவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1659-ல் இரு நாடுகளும் நீண்ட போரை முடித்து பிரனீஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அந்தத் தீவில்தான். இன்று அது இரண்டு நாடுகளுக்கும் பொது. ஆறு மாதம் ஸ்பெயினின் பொறுப்பு, ஆறு மாதம் பிரான்ஸின் பொறுப்பு.

இரண்டு நாடு, ஒரே நிறுவனம்

யோகென்ஷ்டைனுக்குத் திரும்புவோம். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டபோது அந்த எல்லை இல்லாமல் போனது. 1945-ல் போர் முடிந்ததும் திரும்ப வந்தது, முன்பைவிடக் கனமான எல்லையாக. பவேரியா அமெரிக்கப் படையின் கையில் இருந்தது. ஆஸ்திரியாவை நான்கு நாட்டுப் படைகள் பிரித்துக்கொண்டன. டான்யூபுக்கு வடக்கே இருந்த ஆஸ்திரிய நிலம் சோவியத் படையிடம் போனது, தெற்குக் கரை அமெரிக்கப் படையிடம். பாறையைத் தாண்டிச் சற்றுத் தூரத்திலேயே வடகரையும் ஆஸ்திரியாவாகிவிடுகிறது. அதாவது அமெரிக்கப் பகுதியும் சோவியத் பகுதியும் முட்டிக்கொள்ளும் முனைக்கு அருகில்தான் பாறை நின்றது. பனிப்போர் முற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அப்படிப்பட்ட இடத்தில்தான் 1952-ல் ஒரு பொது அணைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது ஆஸ்திரியாவுக்கு முழு இறையாண்மை திரும்பியிருக்கவில்லை. அது 1955-ல்தான் கிடைத்தது. மேற்கு ஜெர்மனியும் 1955 வரை வெற்றி பெற்ற நாடுகளின் மேற்பார்வைக்குக் கட்டுப்பட்டே இருந்தது. தங்கள் வீட்டுச் சாவியே தங்கள் கையில் முழுதாக இல்லாத இரண்டு நாடுகள், ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக நின்று போரில் தோற்று நொறுங்கிய இரண்டு நாடுகள், எல்லை ஆற்றுக்கு நடுவே சேர்ந்து முதலீடு போடத் துணிந்தன. இரண்டுக்கும் மின்சாரம் உயிர்த்தேவையாக இருந்தது. வெளியிலிருந்து எரிபொருள் வாங்கப் பணம் இல்லை. தண்ணீரோ வாசலில் ஓடிக்கொண்டிருந்தது.

செய்த முறையைக் கவனிக்க வேண்டும். எல்லை ஆற்றின் நடுவே போகிறது, ஆகவே உன் பக்கம் நீ கட்டு, என் பக்கம் நான் கட்டுகிறேன் என்று அவர்கள் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் எந்த டர்பைன் யாருடைய நிலத்தில், மதகு யாருடைய பொறுப்பு, பழுது வந்தால் யார் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் வழக்கு வந்திருக்கும். ஆற்றை அறுத்துப் பங்கு போட முடியாது, வருமானத்தைப் போடலாம். எனவே இரு தரப்பும் சேர்ந்து ஒரே நிறுவனத்தைத் தொடங்கின. அணை, மின்நிலையம், கப்பல் போகும் நீர்ப்பூட்டு எல்லாம் அந்த நிறுவனத்துக்கு. கிடைக்கும் மின்சாரத்தில் பாதி ஜெர்மனிக்கு, பாதி ஆஸ்திரியாவுக்கு. 1956-ல் கட்டுமானம் முடிந்தது. ஐந்து கப்லான் டர்பைன்கள், மொத்தம் 132 மெகாவாட். ஆண்டுக்குச் சுமார் 85 கோடி யூனிட். கப்பல்களை ஏற்றி இறக்க 230 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு நீர்ப்பூட்டுகள். நிறுவனத்தின் பங்குகள் பின்னாளில் கைமாறின; இன்று நிலையத்தை நடத்துவது ஆஸ்திரியாவின் பெர்புண்ட் நிறுவனம். 1995-ல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, பிறகு எல்லைச் சோதனைகளும் நீங்கியபின், பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையோரம் சைக்கிளில் போகிறவர்கள் இந்த அணையின் மேலேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடந்து போகிறார்கள்.

132 மெகாவாட் என்ற எண்ணைப் பார்த்ததும் நம் பக்கத்துக்காரர்களுக்கு லோயர் கேம்ப் நினைவுக்கு வரும். கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது, மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியுமே, அந்தப் பெரியாறு மின்நிலையம். தொடக்கத்தில் அதன் திறன் 140 மெகாவாட். கிட்டத்தட்ட யோகென்ஷ்டைன் அளவுதான். ஆனால் இரண்டும் மின்சாரம் எடுக்கும் விதம் நேர் எதிர். பாசாவுக்குக் கீழே டான்யூபில் சராசரியாக நொடிக்கு 1,400 கன மீட்டருக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. நம் கணக்கில் சுமார் 50 ஆயிரம் கன அடி. அந்தத் தண்ணீர் யோகென்ஷ்டைனில் விழும் உயரம் சுமார் பத்து மீட்டர். லோயர் கேம்பிலோ ஆயிரத்துச் சொச்சம் கன அடித் தண்ணீர்தான், ஆனால் ஆயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்து குழாயில் இறங்கி டர்பைனைச் சுழற்றுகிறது. நீரின் அளவையும் விழும் உயரத்தையும் பெருக்கினால் வருவதே மின்திறன் என்பதால், பெரிய ஆறும் சிறு உயரமும் கொடுப்பதைச் சிறு வாய்க்காலும் பெரிய உயரமும் கொடுத்துவிடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குக் கொடுத்த கொடை அந்த உயரம். அதோடு இன்னொரு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அந்தத் தண்ணீர் தேங்கி நிற்பது கேரளத்து நிலத்தில்.

எழுதியதும் எழுதாததும்

முல்லைப் பெரியாறு அணை பற்றி நம் பக்கத்தில் தெரியாதவர் யாரும் இல்லை. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள், பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. ஆனால் அணையின் கதையை அறிந்த அளவுக்கு அதன் ஒப்பந்தத்தை நாம் படித்ததில்லை. சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசும் பிரிட்டிஷ் இந்திய அரசின் சார்பில் சென்னை மாகாணமும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டன. அப்போது அவை வேறு வேறு ஆட்சிகள். அணை நிற்கும் இடமும் நீர் தேங்கும் நிலமுமாக 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். ஆண்டுக்கு 40 ஆயிரம் ரூபாய் வாடகை. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புவது நோக்கம். 1895 அக்டோபர் 10-ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். பேரணையில் பிரிந்து மேலூர் வரை போகும் பெரியாற்றுக் கால்வாயும், அது நிரப்பும் கண்மாய்களும், மதுரையின் குடிதண்ணீரும் அந்தக் கையெழுத்தின் பலன்.

பத்திரம் பாசனத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. மின்சாரத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. 1886-ல் அதை எதிர்பார்க்க முடியாது என்பது நியாயமே. ஆனால் அந்த மௌனம் பெரிய விலை கேட்டது. சென்னை அரசு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க முனைந்ததும், பாசனத்துக்குத்தான் தண்ணீர் கொடுத்தோம், மின்சாரத்துக்கு இல்லை என்று திருவிதாங்கூர் மறுத்தது. விவகாரம் நடுவரிடம் போனது. 1941-ல் வந்த முடிவு திருவிதாங்கூருக்குச் சாதகம். சுதந்திரத்துக்குப் பிறகு இரு தரப்பும் இறங்கிவந்து, 1950-களின் இறுதியில் லோயர் கேம்பில் மின்உற்பத்தி தொடங்கியது. முறையான கையெழுத்து விழுந்தது 1970 மே 29-ல். அந்த ஒப்பந்தத்தில் நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. அணை நீரில் மீன்பிடி உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. மின்சாரத்துக்குக் கேரளத்துக்குத் தர வேண்டிய தொகை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாயில் தொடங்கியது. ஒரு கிலோவாட்-ஆண்டு என்றால் 8,760 யூனிட்.

அந்த எண்ணை நிதானமாகப் பார்க்க வேண்டும். 8,760 யூனிட் மின்சாரத்துக்கு 12 ரூபாய். 1970-ன் ரூபாய்க்கு இன்றைவிட மதிப்பு அதிகம்தான். ஆனாலும் யோகென்ஷ்டைனில் பாதி மின்சாரம் கொடுத்தார்கள். இங்கே ஒரு நிலையான சிறு தொகை எழுதினார்கள். மின்சாரத்தின் விலை எவ்வளவு ஏறினாலும், பாதி மின்சாரம் பெறுகிறவரின் பங்கும் கூடவே ஏறும். ரூபாயில் எழுதிய பங்கு எழுதிய இடத்திலேயே நின்றுவிடும். இடுக்கி மாவட்டத்துக்காரர் ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால், அணை தன் மலையில், நீர் தேங்குவது தன் காட்டில், அணைக்கு ஏதாவது ஆனால் ஆபத்து தன் தலைக்கு, பலன் மட்டும் மலைக்கு அந்தப்பக்கம். இப்படி நினைக்கும் மனிதரிடம் அணை பலமாகத்தான் இருக்கிறது என்று எத்தனை நிபுணர் அறிக்கையைக் காட்டினாலும் அவருக்கு நம்பிக்கை எளிதில் வராது. தன் பங்கும் அதில் இருந்திருந்தால் அதே அறிக்கையை அவர் வேறு கண்ணோடு படிப்பார்.

இதை எழுதுவதால் நம் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979-ல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்த பயத்தைத் தொடர்ந்து பெரியாற்றில் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். பலப்படுத்தும் வேலைகள் நடந்தபின்னும் 142 அடிக்கு உயர்த்த 2006 வரை உச்ச நீதிமன்றத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பைத் தடுக்கக் கேரளம் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்ன பிறகே 142 அடி உறுதியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் கடைமடைக் கண்மாய்கள் பட்ட பாட்டை மேலூர்ப் பக்கத்து விவசாயிகளிடம் கேட்க வேண்டும். 2011 டிசம்பரில் கம்பத்திலும் கூடலூரிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் எல்லையை நோக்கி நடந்ததும், குமுளிச் சாலை அடைபட்டதும், இரண்டு பக்கமும் எளிய மனிதர்கள் அடிபட்டதும் யாரும் மறக்கக் கூடியதல்ல. ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் பெண்கள் எல்லையில் பயந்து நின்றார்கள். நம் காய்கறி அந்தப் பக்கம் போகவில்லை. கம்பத்துக்காரருக்கும் குமுளிக்காரருக்கும் அன்றாடப் பிழைப்பே எல்லையைத் தாண்டித்தான் என்பதால், கோடு இறுகும்போது முதலில் நெரிபடுவது அவர்களுடைய கழுத்து.

பாக் நீரிணையிலும் இதே பாடம்தான். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டுக் கோடு போட்டபோது, நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் தீவுக்குப் போகலாம் என்று ஐந்தாவது பிரிவில் எழுதினார்கள். 1976-ல் பரிமாறிய கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். தீவு யாருக்கு என்பது ராமேஸ்வரத்து மீனவரின் பிழைப்பை எந்த அளவுக்குத் தொட்டதோ, அதைவிட ஆழமாகத் தொட்டது அந்தக் கடிதம். ஆனாலும் தேர்தல் மேடைகளில் தீவைப் பற்றிப் பேசும் அளவுக்குக் கடிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீனவரின் வலை தீவில் விழுவதில்லை, தண்ணீரில் விழுகிறது.

ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. யோகென்ஷ்டைனில் தண்ணீர் டர்பைன் வழியே இறங்கி அதே ஆற்றில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. யாருக்கும் ஒரு சொட்டும் குறைவதில்லை. பெரியாற்றில் நாம் தண்ணீரை வேறு படுகைக்கே திருப்பிவிடுகிறோம். அங்கே இரண்டு நாட்டுக்கும் ஒவ்வொரு கரை இருக்கிறது. இங்கே அணையின் இரண்டு பக்கமும் கேரளம். அங்கே அணையின் உயரம் சிறிது; இங்கே 176 அடி உயரச் சுவருக்குக் கீழே பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்கிறார்கள். அங்கேயும் சச்சரவு இல்லாமல் இல்லை: யோகென்ஷ்டைனுக்கு மேலே மலையில் ரீடல் என்ற இடத்தில் நீரேற்று மின்நிலையம் கட்டும் திட்டத்தைச் சுற்றுச்சூழல் அமைப்புகள் நீண்ட காலமாக எதிர்த்துவருகின்றன. ஆனால் அந்த எதிர்ப்பு ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்குமான சண்டையாக மாறவில்லை. திட்டத்தை முன்வைத்தது பழைய பொது நிறுவனம் என்பதால், எதிர்க்கிறவர்கள் கேள்வி கேட்க ஒரே முகவரி இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒரு முகவரி பாதி உருவாகியிருக்கிறது. 2014 தீர்ப்பு மத்திய நீர்வள ஆணையத்தின் தலைமையில் இரு மாநிலங்களும் உறுப்பினராக உள்ள மேற்பார்வைக் குழுவை அமைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்ட அதிகாரங்களை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, இரு மாநிலங்களிலிருந்தும் தொழில்நுட்ப வல்லுநர் ஒவ்வொருவரைச் சேர்க்கச் சொன்னது. அணையில் கசிவு எவ்வளவு, மதகு இயங்குகிறதா, நீர்மட்டம் எவ்வளவு என்பதை இரு தரப்பும் ஒன்றாகப் போய்ப் பார்க்க வழி பிறந்தது. நல்ல காரியம்.

ஆனால் அந்தக் குழுவின் வேலை அணையின் பாதுகாப்பு. பங்கைப் பற்றிப் பேச அதற்கு அதிகாரம் இல்லை. அதைப் பேச வேண்டியவை சென்னையும் திருவனந்தபுரமும். நம் பாசனத்துக்கு வரும் தண்ணீரில் ஒரு கன அடியும் குறையாமல், லோயர் கேம்பில் எடுக்கும் மின்சாரத்தில் கேரளத்துக்கு ரூபாய்க் கணக்கில் இல்லாமல் யூனிட் கணக்கில் பங்கு கொடுக்கலாம். தண்ணீர் எப்படியும் அந்தக் குழாய் வழியாகத்தான் வயலுக்கு வருகிறது. வரும் வழியில் உண்டாகும் மின்சாரத்தைப் பகிர்வதால் மேலூரின் கடைமடை காயாது. 1970 ஒப்பந்தத்தைத் திருத்த இரு அரசுகளும் எப்போது உட்கார்ந்தாலும், நீர்மட்டத்தின் அடிக்கணக்குக்கு முன்னால் அந்த 12 ரூபாய்ப் பிரிவை எடுத்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பேசத் தொடங்க யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.